ஒரு மணி நேரம் முன்பாக

*அக்கா, தம்பிக்கு*
*ஜனவரி 8*

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் நன்றாகவே இருக்கிறோம். அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று முதலில் எழுது.

என்ன இவள் போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு வந்துவிட்டாள் என்று பார்க்காதே. போனில் நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ முடுக்குகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. காகிதம் என்றால், தொலைத்தாலும் என்றைக்காவது உன் பைக்குள்ளிருந்து கிடைக்கும்.

நேற்று உன் பெண்டாட்டி டிப்போவுக்கே வந்துவிட்டாள். நான் பலகையில் வண்டிகள் கிளம்பும் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "அண்ணி, இனிமே அவர்கிட்ட நான் பேசறதா இல்ல. எதுவா இருந்தாலும் உங்க மூலமாத்தான்" என்றாள். கத்தவில்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் வாண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்ததை அவள் மறக்கப் போவதில்லை. நீ எங்கேயோ ஒரு லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பெற்ற பெண்ணை மறந்து போனாய். வாட்ச்மேன் தன் சாப்பாட்டில் பாதியைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் டிப்போ டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். சோம்பேறித்தனமாக இல்லாமலும் இருக்கலாம், ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். போய்ப் பார். மானம் போய்விடும் என்று யோசிக்காதே. போக வேண்டியதெல்லாம் போய் நாளாகிவிட்டது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத அக்கா

*தம்பி, அக்காவுக்கு*
*பிப்ரவரி 27*

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலம். மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். தபாலில் சேர்க்கத்தான் விட்டுப்போயிற்று. இது அந்தக் கடிதம் இல்லை. அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது.

நீ சொன்னபடி ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அங்கேயும் தாமதமாகத்தான் போனேன். அவர் சிரித்துவிட்டு, "பரவாயில்ல, என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தான்" என்றார். நிறையக் கேட்டார். எனக்கு இருப்பதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயராம், கவனம் நிலைக்காத கோளாறாம்; மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் வளர்ந்தாலும் அதுவும் கூடவே வளர்ந்து வருமாம். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்தினால் என்னைப் போல நிதானமாக வேலை பார்க்கிறவன் எங்கள் கம்பெனியில் கிடையாது. அதே லிஃப்டை மாதா மாதம் போய்ச் சோதிக்கச் சொன்னால் என்னால் முடியாது. அது எப்படி என்று எனக்கே விளங்காமல் இருந்தது. "உங்களுக்கு இப்போன்னு ஒண்ணு இருக்கு, இப்போ இல்லன்னு ஒண்ணு இருக்கு. நடுவுல இருக்கறது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது வரை ஆளாளுக்குத் திட்டினீர்கள். "கடைசி வண்டி" என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். ஒருவராவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. எனக்கு மட்டும் நீங்கள் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்பாகச் சொல்வீர்களே, அதை நிறுத்து. என் கல்யாணத்துக்கே எனக்குப் பொய் மணி சொன்னீர்கள். நான் அரக்கப் பரக்க ஓடிவந்தால் மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். அன்றிலிருந்து யார் மணி சொன்னாலும் இது எந்த மணி என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அந்த யோசனையிலேயே இன்னும் தாமதம். "ஒரே ஒருத்தராவது உங்களுக்கு உண்மையான நேரத்தைச் சொல்லணும். அதை நீங்க நம்பணும்" என்று டாக்டரம்மா சொன்னார். நீ டைம் கீப்பர். உன் வார்த்தையில் ஐம்பது பஸ் ஓடுகிறது. எனக்கும் நீதான் அந்த ஒருத்தர்.

இப்படிக்கு,
உன் தம்பி

*அக்கா, தம்பிக்கு*
*மார்ச் 6*

அன்புள்ள தம்பிக்கு, இங்கே அனைவரும் சுகம். மாமா முழங்காலுக்குப் புது எண்ணெய் தேய்க்கிறார். வீடே நாறுகிறது.

நோய்க்குப் பெயர் கிடைத்ததில் சந்தோஷம். எனக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல், நானும் சமையல்கட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிண்டல்தான், கோபித்துக்கொள்ளாதே. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, இனிமேல் உனக்குப் பொய் மணி சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. உன் பெண்டாட்டிக்கு வெளிநாட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வாண்டையும் கூட்டிக்கொண்டு போகிறாள். மே மாதம் கிளம்புகிறார்கள். நான் அவளிடம் நேரிலேயே போய்ப் பேசினேன். "ஒரு தடவை பார்க்கட்டும், பெத்தவன்தானே" என்றேன். கிளம்புகிற அன்று விமான நிலைய வாசலில் அரை மணி நேரம் என்றாள். "அவர் வந்துட்டா, வாரத்துக்கு ஒரு நாள் அவ அப்பாகிட்ட போன்ல பேசட்டும். வரலன்னா அதோட சரி, அண்ணி. அவ இன்னொரு தடவை வாசல்ல உக்காந்திருக்கறத என்னால பார்க்க முடியாது" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையாவது கோட்டை விடாதே.

அன்புடன்,
அக்கா

*தம்பி, அக்காவுக்கு*
*ஏப்ரல் 2*

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அந்த அரை மணி நேரத்தையும் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்த மாதம் மாதச் சோதனை ஒன்றுகூடப் பாக்கியில்லை. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறேன். போய்ச் சேர வேண்டிய நேரத்தை அதில் எழுதுவதில்லை, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தைத்தான் எழுதுகிறேன். செருப்பு மாட்டுவது, சாவி தேடுவது, பஸ்ஸுக்கு நிற்பது எல்லாவற்றுக்கும் நேரம் ஆகும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீங்களெல்லாம் இதைப் பிறந்ததிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

வாண்டுக்கு ஒரு லிஃப்ட் செய்துகொண்டிருக்கிறேன். முழங்கை உயரம், மூன்று மாடி, உள்ளே போக ஒரு பொம்மை. சிவப்புக் கயிற்றை இழுத்தால் மேலே போய்ச் சரியாக மாடியில் நிற்கும். கொஞ்சம்கூடக் குலுங்காது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் செய்கிறேன் செய்கிறேன் என்று ஏமாற்றிய சாமான் இது. அவளிடம் சொல்லிவிடாதே.

தேதியும் மணியும் தெரிந்ததும் எழுது. உன் வாயால் வந்தால் அது எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் தம்பி

*அக்கா, தம்பிக்கு*
*மே 4*

அன்புள்ள தம்பிக்கு, இவ்விடம் குறையில்லை.

மே பதினேழாம் தேதி. விமான நிலையத்தில் புறப்படுகிறவர்கள் போகும் வாசல், சாமான் தள்ளுகிற வண்டிகளை வரிசையாக விட்டிருப்பார்களே, அந்த இடம். மதியம் மூன்று மணி. அரை மணி நேரம் முடிந்ததும் உள்ளே போய்விடுவார்கள். உள்ளே போனால் வெளியே வர மாட்டார்கள். நீ இல்லையென்றால் அவள் ஒரு நிமிடம்கூட நிற்கப் போவதில்லை. எனக்கு அன்று டூட்டி, வர முடியாது.

மூன்று மணி. பலகையில் இன்றைக்கே எழுதிவிடு.

அன்புடன்,
அக்கா

*தம்பி, அக்காவுக்கு*
*மே 19*

அக்கா, நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் போனேன். பலகையில் எழுதிய நேரத்துக்கே கதவைப் பூட்டினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையில் பெட்டி இல்லை என்று தெரிந்தது. லிஃப்டை வைத்துக் கட்டிய பெட்டி. இறங்கித் திரும்பி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபது.

தள்ளுவண்டிகள் இருந்தன. அவர்கள் இல்லை. காவலரிடம் ஒரு அம்மாவும் பெண்ணும் என்று கேட்டேன். "எத்தனையோ அம்மா, எத்தனையோ பொண்ணு உள்ள போயிட்டாங்க சார்" என்றார். கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். முதுகுகள்தான் தெரிந்தன. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர் தோளைத் தட்டி வழிவிடச் சொன்னார்.

அவள் என் போனை எடுக்க மாட்டாள், உன்னிடம் பேசலாம் என்று போனை எடுத்தேன். "மறுபடியுமா?" என்று நீ கேட்பது எனக்கு அப்போதே காதில் விழுந்துவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், கையில் பெட்டியும் இல்லை. பஸ்ஸில் விட்டேனா, எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. எதற்காகத் திரும்பி ஓடினேனோ அதையே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இருபது நிமிடம், அக்கா. முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவேன். இருபது நிமிடத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அது யாருக்கும் பிரயோஜனப்படவில்லை.

தம்பி

*அக்கா, தம்பிக்கு*
*ஜூன் 24*

அன்புள்ள தம்பிக்கு, பதில் எழுத நாளாகிவிட்டது. டிப்போவில் ஆள் பற்றாக்குறை. மாமா இப்போது நன்றாக நடக்கிறார். இங்கே வெயில் சற்றுக் குறைந்திருக்கிறது. அங்கே எப்படி?

நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. யாருக்கும் வருவதுதான். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு சட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. மாத்திரையை விட்டுவிடாதே.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
அக்கா

*வாண்டின் அம்மா, நாத்தனாருக்கு*
*ஜூன் 30*

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம். நானும் குழந்தையும் நலமாக வந்து சேர்ந்தோம். இரண்டு அறை, ஒரு ஜன்னல். வேலைக்கு நடந்தே போகிறேன். அண்ணனுக்கு முழங்கால் தேவலையா?

அன்றைக்கு அவர் வரவில்லை. நாங்கள் நான்கு மணிக்குச் சரியாக வாசலில் இருந்தோம். "நாலு மணின்னு உண்மையைச் சொன்னா அஞ்சுக்கு வருவான், நான் மூணுன்னு சொல்லி வெச்சிருக்கேன், நீ கவலைப்படாதே" என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாண்டிடம் அப்பா வந்து நிற்பார் என்று சொல்லிவிட்டேன். அரை மணிக்கு மேலும் நின்றோம். இனி நிற்க மாட்டேன் என்று சொன்னவள் நான்தான்; நின்றேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அண்ணி. அவர் ஒருவேளை வந்துவிட்டுப் போயிருப்பாரோ? உங்களிடம் ஏதாவது சொன்னாரா? அப்படியென்றால் மறைக்காமல் எழுதுங்கள். குழந்தையை ஞாயிற்றுக்கிழமைகளில் பேச விடுகிறேன். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வணக்கத்துடன்,
வாண்டின் அம்மா

*நாத்தனார், வாண்டின் அம்மாவுக்கு*
*ஜூலை 15*

அன்புள்ள வாண்டின் அம்மாவுக்கு ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நன்றாக இருப்பது தெரிந்து மனது குளிர்ந்தது. குழந்தை தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிவிடு, குளிர் ஊராம்.

நீ கேட்டதற்கு நான் என்ன எழுதுவது. அவனைப் பற்றி உனக்குத் தெரியாததா? என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது வேலை வந்திருக்கும். எத்தனை மணி என்று சொன்னாலும் வருகிறவன்தானே வருவான்? மனதில் வைத்துக்கொள்ளாதே. குழந்தையின் படிப்பைப் பார்.

அன்புடன்,
அண்ணி

*தம்பி, அக்காவுக்கு*
*ஆகஸ்ட் 21*

அக்காவுக்கு, இருக்கிறேன். சட்டை கிடைத்தது, அளவு சரிதான்.

மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மாதச் சோதனைகள் பழையபடி நிற்கின்றன. மேனேஜர் இப்போது உடம்பைப் பற்றி விசாரிப்பதில்லை. அடுத்த மாதமும் இப்படியே போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளதை உள்ளபடி செய்தும் ஒரு தடவைகூட நேரத்துக்குப் போக முடியாதவனுக்கு மாத்திரை எதற்கு?

அவளிடம் நீ ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறாயா? வாரம் ஒரு முறை வேண்டாம், மாதம் ஒரு முறை போதும். நான் பேச வேண்டும் என்றுகூட இல்லை. குழந்தை பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

*அக்கா, தம்பிக்கு*
*செப்டம்பர் 10*

அன்புள்ள தம்பிக்கு, உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பேரும் கலங்கிப் போனோம். அவளிடம் இப்போது பேசினால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆகும். கொஞ்சம் ஆறட்டும்.

உன்னைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்டோபர் மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் டிப்போ வண்டியிலேயே வருகிறேன். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு வந்து சேரும். வந்து நில். எல்லாவற்றையும் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா

*வாண்டு, அப்பாவுக்கு*
*செப்டம்பர் 12*

அன்புள்ள அப்பா, நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மா ஒரு லெட்டர் மட்டும் எழுதலாம்னு சொன்னாங்க. தபால்ல போடறதுக்கு முன்னாடி படிக்க மாட்டேன்னும் சொன்னாங்க.

எனக்கு இங்க ஒரு ஃப்ரெண்டு இருக்கா. நாங்க அஞ்சாவது மாடி. இங்க லிஃப்ட் நிக்கும்போது குலுங்கும். நீங்க வந்தா சரி பண்ணிடுவீங்க.

அன்னிக்கு நீங்க ஏன் வரல? நீங்க வரலன்னு அத்தையும் லெட்டர் போட்டிருந்தாங்களாம். நாங்க ஏர்போர்ட் வாசல்ல வந்து இறங்கினப்போ தள்ளுவண்டிகிட்ட யாரோ ஒரு பெட்டியை விட்டுட்டுப் போயிருந்தாங்க. போலீஸ் மாமா எல்லாரையும் தள்ளி நிக்க வெச்சாங்க. ஒரு நாய் வந்து மோந்து பார்த்துச்சு. அப்புறம் திறந்தா உள்ள ஒரு குட்டி லிஃப்ட். போலீஸ் மாமா சிவப்புக் கயிறை இழுத்தாரு. குலுங்காம மேல போய் நின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அப்பாவுக்குத்தான் இது பண்ணத் தெரியும்னு நான் அம்மாகிட்ட சொன்னேன். அப்பா வந்திருந்தா இங்க நின்னிருப்பாரேன்னு அம்மா சொன்னாங்க. நானும் எல்லாப் பக்கமும் பார்த்தேன்.

அந்த லிஃப்டை எனக்குக் குடுங்கன்னு கேட்டேன். உன்னுது இல்லையேன்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
வாண்டு

*தம்பி, அக்காவுக்கு*
*செப்டம்பர் 26*

அக்காவுக்கு, நான் நலம். மாமாவையும் உன்னையும் விசாரித்தேன். இத்துடன் வாண்டு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி.

படித்துவிட்டாயா? அவர்கள் வந்தபோது என் பெட்டி அங்கே இருந்திருக்கிறது. நான் தாமதமாகப் போகவில்லை, அக்கா. அவர்களுக்கு முன்பே போய் நின்றிருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே நேரத்துக்குப் போன நாள் அதுதான். அன்றைக்குத் தாமதமாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்தேன். இந்த நான்கு மாதமும் அந்த இருபது நிமிடத்தை நினைத்துத்தான் படுத்திருக்கிறேன்.

என் கடிதத்தைப் படித்த அன்றே உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். ஜூன் மாதம் நீ எழுதியதில் ஒரு திட்டுகூட இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். திட்டாமல் சட்டை அனுப்பினாய். பொய் மணி சொன்னது பயத்தில் சொன்னது, அதை நான் மன்னித்துவிடுவேன். நான் வரவில்லை என்று அவளுக்கு எழுதினாயே, அது எதில் சேர்த்தி?

பெட்டி அப்பாவுடையதுதான் என்று வாண்டுக்கு எழுதிவிட்டேன். அவள் அம்மா நம்ப மாட்டாள். நாளைக்கு நான் என்ன சொன்னாலும் கடைசி வண்டி சொல்வதுதானே. நீ சொன்னால்தான் நம்புவாள்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். பலகையையும் மாட்டிவிட்டேன். அதில் நீ வரும் நேரத்தை எழுதப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று உன் டிப்போவுக்கே போன் செய்து விசாரித்தேன். உன் இடத்தில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். அந்த வண்டி இங்கே வருவது மூன்று மணிக்காம். நீ எனக்கு எழுதியது இரண்டு.

நான் மூன்று மணிக்கு வந்து நிற்பேன். நடந்ததை நடந்தபடி அவளுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அதன் நகலைக் கையில் கொண்டு வா. கொண்டு வரவில்லையென்றால் இறங்க வேண்டாம். அதே வண்டி நான்கு மணிக்குத் திரும்புகிறது. அதையும் அந்தப் பெண்ணிடமே கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி